நீ யார் என்று கேட்பவர்களிடம் நான் கேட்பது

போன வருஷம் உயிர்வாழ் சான்று பதிய ஒரு சேவை மையத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர், எந்த மையம் என்பதெல்லாம் வேண்டாம். குறை அந்த ஒரு மையத்தோடு முடிகிற சமாசாரம் அல்ல.

எனக்கு முன்னால் நின்ற அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். ஆயுசு முழுக்க அமராவதிப் பாசன வயலில் நாற்று நட்ட கை. ரேகை தேய்ந்து போயிருந்தது. பெருவிரலை வைத்தார், ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தார், ஏற்கவில்லை. ஐந்தாறு தடவை ஆன பிறகு, "நான்தானுங்க கண்ணு, என்னையத் தெரியலையா?" என்று அந்தப் பையனிடம் கேட்டார். பையனுக்கு அவரை நன்றாகத் தெரியும். மெஷினுக்குத்தான் தெரியவில்லை. இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அதே மேசையில், கம்ப்யூட்டர் திரைக்குக் கீழே ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. யூசர் நேம், பாஸ்வேர்டு இரண்டும் பேனாவில் எழுதியிருந்தார்கள். அந்தப் பையன் டீ குடிக்கப் போனதும் வேறொரு பையன் வந்து உட்கார்ந்து, அதே பாஸ்வேர்டில் வேலையைத் தொடர்ந்தான். அவன் யார் என்று எந்த மெஷினும் கேட்கவில்லை.

இந்தக் கட்டுரையே அந்த இரண்டு காட்சிகளைப் பற்றித்தான்.

கம்ப்யூட்டர்காரர்கள் இரண்டு சொற்கள் வைத்திருக்கிறார்கள். ஒன்று ஆத்தென்டிகேஷன்: வந்திருப்பவர் அவர்தானா என்று பார்ப்பது. இன்னொன்று ஆத்தரைசேஷன்: அவர் எதைப் பார்க்கலாம், எதைத் தொடலாம் என்று வரையறுப்பது. குமாஸ்தாவாக இருந்த எனக்கு இது புதிதல்ல. எங்கள் ஆபீஸ் ரிக்கார்டு ரூமில் பியூன் முதல் மேனேஜர் வரை எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்பதற்காக யாருக்கும் கோப்பு கிடைத்துவிடாது. அது அவர் செக்‌ஷன் கோப்பாக இருக்க வேண்டும். நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். முகம் தெரிவது வேறு, அனுமதி இருப்பது வேறு.

ஆதார் சரிபார்ப்பும் ஒரு ஜன்னல் மாதிரிதான். அதை ஏபிஐ என்கிறார்கள். ரேஷன் கடை மெஷின் உங்கள் எண்ணையும் ரேகையையும் பூட்டிய உறையில் வைப்பது போல மறைத்து அனுப்புகிறது. அந்தப் பக்கம் ஆதார் ஆணையத்தின் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்த்து 'ஆம்' அல்லது 'இல்லை' என்று பதில் தருகிறது. கேட்கிற நிறுவனத்துக்கும் லைசென்ஸ் வேண்டும். ஆம், இல்லை மட்டும் கேட்க ஒரு வகை அனுமதி. பெயர், விலாசம், போட்டோவும் வாங்க வேறு வகை அனுமதி. ஏட்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது.

நடப்பு என்ன? 2018 ஜனவரியில் 'தி டிரிபியூன்' பத்திரிகையின் நிருபர் ஒருவர் ஒரு ஏஜென்டுக்கு 500 ரூபாய் கொடுத்தார். சில நிமிடங்களில் ஒரு யூசர் நேமும் பாஸ்வேர்டும் கைக்கு வந்தன. எந்த ஆதார் எண்ணைத் தட்டினாலும் அந்த ஆளின் பெயர், விலாசம், போட்டோ, போன் நம்பர் எல்லாம் வந்தன. ரேகைகள் கசியவில்லை, குறை தீர்ப்பதற்காகக் கொடுத்த தேடும் வசதியைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று ஆணையம் சொன்னது. நிருபர் பெயரையும் சேர்த்துப் போலீஸில் புகாரும் கொடுத்தது. அதே மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு சொன்னது: விவரங்கள் 13 அடி உயரமும் 5 அடி கனமும் உள்ள சுவருக்குப் பின்னால் பத்திரமாக இருக்கின்றன.

சுவரை யார் கேட்டார்கள்? டிரிபியூன் விஷயத்தில் சுவரை யாரும் உடைக்கவில்லை. பாஸ்வேர்டு சரியாகத்தான் இருந்தது. அது வைத்திருந்தவருக்கு அந்த விவரம் எதற்கு என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. ரேகை தேய்ந்த கிழவியை ஆறு தடவை கேட்கிற அமைப்பு, இதை ஒரு தடவை கூடக் கேட்கவில்லை.

"போலி கார்டு ஒழிய வேண்டாமா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஒழியட்டும். ரேகை ஏற்கவில்லை என்றால் ஓடிபி, கண் விழி, முகம் என்று வழிகள் இருக்கின்றன. சரிபார்ப்பு தவறியதால் தகுதியுள்ள ஒருவருக்கும் சலுகை மறுக்கப்படாது என்று அரசு கொடுத்த உறுதியை, 2018 செப்டம்பர் 26 தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் பதிவு செய்திருக்கிறது. அப்புறம் "இன்னொரு நாள் வாங்க" என்பதற்கு என்ன அர்த்தம்?

பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்த நாட்டுச் செய்திகளைப் படிக்கிற பழக்கம் விடவில்லை. அங்கேயும் அரசாங்கம் எல்லாப் பதிவேடுகளையும் ஒரே எண்ணால் இணைக்கத் திட்டமிட்டது. அதன் பெயர் சஃபாரி. 1974 மார்ச்சில் 'லெ மோந்த்' பத்திரிகை அதை அம்பலப்படுத்த, நாடே கொதித்தது. திட்டம் கைவிடப்பட்டது. 1978 ஜனவரியில் சட்டமே வந்தது: தன்னைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை குடிமகனுக்கு, கண்காணிக்கத் தனி ஆணையம். அங்கே நிருபர் எழுதியதும் சட்டம் பிறந்தது. இங்கே நிருபர் எழுதியதும் எஃப்.ஐ.ஆர். பிறந்தது.

நம் கையில் இருப்பதையாவது செய்வோம். ஆதார் இணையதளத்தில் உங்கள் எண் கடந்த ஆறு மாதத்தில் எப்போது, எந்த நிறுவனத்தால் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியல் கிடைக்கும். ஆதாரோடு சேர்த்த போனுக்கு ஓடிபி வரும். பேரப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். ரேகையைப் பூட்டி வைக்கவும் அங்கேயே வழி உண்டு. தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம்.

ஆனால் அந்தப் பட்டியலில் நிறுவனத்தின் பெயர்தான் வரும். எந்த ஆள் உட்கார்ந்து தட்டினான் என்று வராது. நான் கேட்பது அதைத்தான். மேசையில் உட்காருகிற ஒவ்வொருவருக்கும் தனி லாகின் கொடுங்கள். என் விவரத்தைத் திறந்தவர் பெயரும் தேதியும் காரணமும் எனக்குத் தெரிய வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் ரிக்கார்டு ரூம் நோட்டு ஒன்றே இதைச் செய்தது. ஒரு கோடு போட்ட நோட்டு செய்த வேலையை இத்தனை கோடி ரூபாய் மெஷின் செய்யாதா?

அந்த அம்மா மூன்றாவது நடையில்தான் சான்று பதிந்தார். திரைக்குக் கீழே ஒட்டிய சீட்டு நேற்று போனபோதும் அங்கேயேதான் இருந்தது.