தாங்கும் கைக்கும் தேர்ச்சி வேண்டும்

விடியற்பொழுதில் தெருவில் பாவு நீட்டும்போது, இருமருங்கும் நிற்போர் ஒருவர் சொல்லுக்கு ஒருங்கே அசைவர். ஒருவர் முந்தினால் இழை அறும். ஆரணிப் பட்டுக்குப் பேர் சேர்க்கும் தேவிகாபுரத்து நெசவாளர்க்கு இதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும், அதே தெருவில் ஆயுள் முழுதும் தறிக்குழியில் அமர்ந்து உழைத்த முதியவர் ஒருவர் பக்கவாதத்தால் சாய்ந்துவிட்டால், அவரைத் தூக்க வருவோரிடம் அந்த ஒழுங்கு இருப்பதில்லை. ஒருவர் அக்குளில் கை கொடுத்து இழுக்கிறார். மற்றவர் காலைப் பற்றுகிறார். அன்பு நிறைந்த கைகள்தாம். ஆனால் பயிலாத கைகள்.

அதன் விளைவு சிறிதன்று. வாதம் தாக்கிய தோளில் தசைகளின் பிடிமானம் தளர்ந்திருக்கும். அக்கையைப் பற்றி இழுத்தால் மூட்டு நழுவும். படுக்கையின் மேற்புறத்துக்கு அவரை இழுக்கும்போது தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு நகர்கிறது. இடைப்பட்ட சதையின் நுண்குருதிக் குழாய்கள் முறுகி அடைபடுகின்றன. இடுப்பின் பின்புறத்திலும் குதிகாலிலும் படுக்கைப்புண் தோன்ற இதுவும் ஒரு காரணம். சிறு செம்மையாகத் தொடங்கும் அப்புண் எலும்பு வரை ஆழ்ந்து, குருதியில் நஞ்சேற்றி உயிரையும் கவரும்.

இவற்றைத் தவிர்க்கும் முறைகள் அரியன அல்ல. தாமாகத் திரும்ப இயலாதவரை ஏறத்தாழ இரண்டு மணிக்கொருமுறை நிலைமாற்ற வேண்டும். முழுப்பக்கமாகக் கிடத்தாமல், முதுகுப்புறம் தலையணை அணைத்து 30 பாகை அளவு சாய்த்தால் இடுப்பெலும்பில் பாரம் குவியாது. குதிகால் மெத்தையில் படாதவாறு கெண்டைக்காலின் கீழ் தலையணை வேண்டும். மேலேற்றும்போது உடலுக்கு அடியில் விரித்த மடிப்புத் துணியை இருபுறமும் இருவர் பற்றி நகர்த்துதல் நலம். நாற்காலிக்கு மாற்றுமுன், கட்டில் விளிம்பில் கால் தொங்க அமர்த்திச் சற்றுப் பொறுக்க வேண்டும். சட்டென எழுப்பினால் குருதியழுத்தம் தாழ்ந்து மயங்கி விழக்கூடும். சக்கர நாற்காலியை அவருடைய வலுவுள்ள பக்கத்தில் நிறுத்தி, இரு சக்கரங்களையும் பூட்டிய பின்பே எழுப்புதல் முறை. தண்டுவடம் அடிபட்டிருந்தால் தலைப்பக்கம் நிற்பவர் சொல்லுக்கு நால்வரும் ஒருங்கே, உருளைக்கட்டையைப் புரட்டுவதுபோல், உடல் முறுகாமல் திருப்ப வேண்டும். பாவு நீட்டும் தெருவுக்கு இந்த ஒழுங்கு புதிதன்று.

தூக்குவோரின் உடலையும் கருத வேண்டும். துணைக்கருவியின்றி ஒருவர் தாங்கத்தக்க நோயாளர் பாரம், சூழல் சாதகமாக இருக்கும்போதும், ஏறத்தாழ 16 கிலோவே என்று அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வரையறுத்துள்ளது. 60 கிலோ உடலை ஒற்றைச் செவிலியோ, வீட்டில் மருமகளோ நாள்தோறும் புரட்டுவதைத் தொண்டு என்று போற்றிவிட்டு, அவர்கள் முதுகு தேய்வதைக் காணாதிருத்தல் அறமாகாது.

வழிகாட்டி அண்டையிலேயே உண்டு. 1954 சனவரியில் வண்டி கவிழ்ந்து தண்டுவடம் முறிந்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் அயல்நாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவர் முயற்சியால் நோயாளர் தங்கிப் பயிலும் மறுவாழ்வு நிலையம் 1966இல் வேலூரில் எழுந்தது. இந்தியாவில் அத்தகையவற்றுள் அதுவே முதலாவது என்பர். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுதலையும் ஒரு பாடமாகக் கருதுவது அம்மருத்துவத் துறையின் அடிப்படை. அப்பாடம் நெசவாளர் வீட்டுத் திண்ணை வரை வருதல் வேண்டும்.

அதற்கான பாதையும் அமைந்தே உள்ளது. 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் நோய்த்தணிப்புச் செவிலியரும் வீடு தேடிச் செல்கின்றனர். ஒவ்வொரு வருகையிலும் வீட்டார் இருவரைத் தம் கண்முன்னே நோயாளரைப் புரட்டச் செய்து திருத்துதல் அவர்கள் கடமைகளுள் ஒன்றாக விதிக்கப்பட வேண்டும். வீட்டார் இத்தேர்ச்சி பெறாமல் எந்த மருத்துவமனையும் படுக்கை நோயாளரை வீட்டுக்கு விடுவிக்கலாகாது. அரசு மருத்துவமனைகளில் உயரம் மாற்றத்தக்க கட்டில்களும் நகர்த்து விரிப்புகளும் நாற்காலிக்கு மாற்ற உதவும் பலகைகளும் இருத்தல் வேண்டும். செவிலியரின் முதுகுக் காயம் பணிக்காயமாகப் பதிவு பெற வேண்டும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இரண்டு சக்கர நாற்காலிகளை வாங்கி வைத்து, தேவைப்படும் வீட்டுக்கு முறைவைத்து வழங்கலாம். அதற்கு அரசாணை வேண்டுவதில்லை.

பட்டின் ஓரிழை அறாமல் காக்கத் தெரிந்த ஊர், அப்பட்டை நெய்தவர் உடலையும் அவ்வாறே காக்க முன்வரட்டும்.