விரால் போய் ஜிலேபி வந்தது டும் டும்!

மேலூர்ப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றினால் மீன்பிடித் திருவிழா. வெள்ளைத் துண்டை வீசியதும் ஊரே ஊத்தா, கச்சாவோடு பாயும். ஆசை விரால் மேல். சிக்குவதோ ஜிலேபிக் கெண்டை!

ஆப்பிரிக்க மீன் இது. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்து, தென்னக நீர்த்தேக்கங்களில் விட்டார்கள். தாய் முட்டையை வாயிலேயே அடைகாக்கும். வருஷத்துக்குப் பலமுறை குஞ்சு பொரிக்கும். கூட்டம் பெருத்தால் வளராது, உள்ளங்கை அளவிலேயே நின்றுவிடும். நாட்டுக் கெண்டைகளின் இரையிலும் பங்கு கேட்கும். (அயிரைக் குழம்புக்குப் பேர்போன மதுரைக்கு இந்தக் கதியா?)

"குஞ்சு விராலுக்கு இரைதானே?" என்கிறார்கள். தின்கிற வேகத்தை விடப் பொரிக்கிற வேகம் அதிகம் ஐயா! மலிவு மீன், ஏழைக்கு உதவும் என்பது நியாயம்தான். அதற்குப் பண்ணைக் குட்டை போதாதா? கண்மாயில் இனி விரால் குஞ்சை விடுங்கள்.