காட்டில் ஒரு ஹெட்கிளார்க்

என்னுடைய வக்கீல் நண்பர் ஒருவர், நாலு பேர் கூடியிருந்த இடத்தில் எனக்கு ஒரு பட்டம் சூட்டினார். 'காட்டில் ஒரு ஹெட்கிளார்க்' என்பது அந்தப் பட்டம். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது, பட்டத்தை மறுக்க எனக்கு இஷ்டமில்லை என்று தெரிந்தது. ஆனால் எந்த வாதத்தின் பேரில் அதைச் சூட்டினாரோ, அந்த வாதத்தைச் சும்மா விட மனம் வரவில்லை.

விஷயம் இதுதான். சனிக்கிழமை புறப்பட்டுப் போய், மரங்களுக்கு நடுவே கூடாரம் அடித்து ஓர் இரவு தங்கி, ஞாயிறு சாயங்காலம் வீடு திரும்புகிற பழக்கம் எங்கள் ஐந்து பேருக்கு உண்டு. அப்படித் தங்குகிற இடத்தில், இன்ன சாமான் இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். நண்பருக்கு அது பிடிக்கவில்லை. "ஆறு நாள் கட்டுக்கும் அலமாரிக்கும் நடுவே செத்துவிட்டு, ஏழாவது நாள் காட்டுக்கு வருவதே ஒழுங்கிலிருந்து தப்பிக்கத்தான் ஐயா! அங்கேயும் அலமாரியைத் தூக்கிக்கொண்டு வந்தால் எப்படி? காட்டில் ஏது ஒழுங்கு?" என்றார்.

கேட்பதற்கு இது கவிதை மாதிரி இருக்கிறது. ஆனால் முழுப் பொய்.

காட்டில் ஏது ஒழுங்கு என்று கேட்கிறவர் காட்டைப் பார்த்ததில்லை. காட்டுக்குப் போய்த் தம்மையே பார்த்துக்கொண்டு திரும்பியிருக்கிறார். ஆனைமலைக் காட்டில் இருவாச்சிப் பறவை வருஷா வருஷம் அதே மரத்துப் பொந்துக்கு முட்டையிட வருகிறது. யானைக்குத் தடம் உண்டு. பாட்டி நடந்த தடத்தில் பேத்தி நடக்கிறது. அந்தத் தடத்தில் நீங்கள் கூடாரம் அடித்தால், விலகிப் போகவேண்டியவர் நீங்கள்தான். காப்பித் தோட்டத்தில் நன்றாகப் பழுத்ததாகப் பார்த்துப் பொறுக்கித் தின்கிற மரநாய், மலம் கழிக்கக்கூடப் பழகிய இடத்தைத்தான் தேடிப் போகிறது. இந்த ஒரு விஷயத்தில் வக்கீல் நண்பர் எங்கள் கூடாரத்தைச் சுற்றி எந்த நியதியையும் அனுசரித்தவர் அல்லர் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன். காட்டில் ஒழுங்கில்லாத பிராணி ஒன்றே ஒன்றுதான். அது சனிக்கிழமை வருகிறது, ஞாயிற்றுக்கிழமை போகிறது.

நானும் அந்தப் பிராணியாக இருந்தவன்தான். இரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு டிசம்பர் மாதம் வரையில் இருந்தேன்.

அந்த முறை வத்தலக்குண்டு வழியாக மலையேறி, கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் தங்கினோம். சொந்தக்காரரிடம் உத்தரவு வாங்கித்தான் தங்கினோம். (காப்புக் காட்டில் அனுமதியில்லாமல் இரவு தங்குவது குற்றம். அதை வீரம் என்று நினைக்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.) வத்தலக்குண்டைத் தாண்டும்போதெல்லாம், இது ராஜமய்யருக்கும் சி. சு. செல்லப்பாவுக்கும் சொந்த ஊர் என்று நான் சொல்வது வழக்கம். வண்டியில் யாரும் பதில் சொல்வதில்லை என்பதும் வழக்கம்.

போய்ச் சேரும்போது மணி ஐந்து. ஏறத்தாழ 4,000 அடி உயரம். டிசம்பர் மாசத்துப் பனி. சூரியன் ஆறு மணிக்கே இறங்கிவிடும், சில்வர் ஓக் மரங்களின் அடியில் அதற்கும் முன்னாலேயே இருட்டு. அடுப்பு மூட்டத் தீப்பெட்டி வேண்டியிருந்தது. ஐந்து பேரில் யாருடைய பையில் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆகவே ஐந்து பைகளையும் ஒரு தார்ப்பாயின் மேல் கவிழ்த்துக் கொட்டினோம். தீப்பெட்டி கிடைத்தது. கொட்டினது கொட்டினபடியே கிடந்தது.

அந்தக் குவியலை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ரொட்டிப் பொட்டலத்தின் மேல் ஈரத் துண்டு. வெங்காயத்துக்குள் செல்போன் சார்ஜர். கம்பளிக்கு அடியில் உறை போடாத அரிவாள். அதன் மேல் ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவருடைய பெற்றோர் செய்த புண்ணியம்தான் அவரைக் காப்பாற்றியிருக்க வேண்டும். கூடாரத்தின் நாலு முளையில் மூன்றுதான் அகப்பட்டது. நாலாவதற்குப் பதிலாக ஒரு கரண்டியை அடித்தோம். பிறகு சாம்பார் கிளறக் கரண்டி இல்லை. இதெல்லாம் அன்றைக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது. 'இதுவல்லவா சுதந்திரம்!' என்று வக்கீல் நண்பர் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு சொன்னார்.

ராத்திரி பதினொரு மணி வாக்கில், எங்களில் பாங்கில் வேலை பார்க்கும் நண்பருக்கு இழுப்பு வந்துவிட்டது.

அவருக்குப் பழைய ஆஸ்துமா. மருந்தை மூச்சில் இழுக்கிற ஒரு சின்னக் குழாய் எப்போதும் வைத்திருப்பார். 'எங்கே இருக்கிறது?' என்று கேட்டோம். அவர் குவியலைக் கையால் காட்டினார். பேச முடியவில்லை. நான்கு பேர் அந்தக் குவியல் மேல் விழுந்தோம். இரண்டு டார்ச்சில் ஒன்றுக்குத்தான் உயிர் இருந்தது. ஒவ்வொருவரும் மற்றவர் தேடின இடத்தையே மறுபடியும் தேடினோம். தேடித் தேடிக் குவியல் பெரிதாயிற்று. அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்து மூச்சுக்குப் போராடுகிற சத்தம் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரி என்றால் அந்த நேரத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் மலையிறங்க வேண்டும், ரோட்டில் காட்டெருமை நிற்கும். முப்பத்தைந்து நிமிஷம் தேடினோம். என் ஆயுளில் அவ்வளவு நீளமான முப்பத்தைந்து நிமிஷம் வேறு இல்லை.

சத்தம் கேட்டுத் தோட்டத்துக் காவல்காரர் வந்தார். அறுபது வயதிருக்கும். நாங்கள் தேடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்த ஐயா சாயங்காலம் ஓடையிலே மூஞ்சி கழுவறப்போ, நீலக் கலர்லே குழாயாட்டம் ஒண்ணைப் பாறை மேலே வெச்சாருங்க. எடுத்தாரோ இல்லையோ" என்றார். டார்ச்சை நீட்டினோம். வாங்காமலே இருட்டில் இறங்கிப் போனார். கொண்டு வந்து கொடுத்தார். பத்து நிமிஷத்தில் நண்பர் முகத்தில் இரத்தம் திரும்பியது.

இந்தச் சம்பவத்தை வைத்து நான் ஒழுங்கைப் பேசப் புறப்பட்டால், வக்கீல் சும்மா இருப்பாரா? "குழாய் உங்கள் குவியலிலேயே இல்லையே! அவன் ஓடையில் மறந்துவிட்டு வந்தான். சாமான்களை நீர் வரிசையாக அடுக்கி நம்பர் போட்டிருந்தாலும் அது ஓடையில்தானே இருந்திருக்கும்?" என்று குறுக்கு விசாரணை செய்தார். நல்ல கேள்வி. கோர்ட்டில் எடுபடும். எனக்கே பதில் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று.

பதில் இதுதான். மருந்துக்கு என்று ஓர் இடம் இருந்திருந்தால், அது அந்த இடத்தில் இல்லை என்பது ஒரே நொடியில் தெரிந்திருக்கும். குவியலில் ஒரு பொருள் இருக்கிறது என்பதை நிரூபிக்கலாம். இல்லை என்பதை நிரூபிக்கவே முடியாது. நாங்கள் முப்பத்தைந்து நிமிஷம் தேடியது குழாயை அல்ல, 'இங்கே இல்லை' என்ற ஒரு செய்தியை. மருந்துப் பையைத் திறந்து காலியாக இருப்பதைப் பார்த்திருந்தால், 'கடைசியாக எங்கே எடுத்தாய்?' என்ற கேள்வி உடனே பிறந்திருக்கும். அவர் ஓடைப் பக்கம் கையைக் காட்டியிருப்பார். சாயங்காலம் பைகளைக் கட்டும்போதே காலி இடம் கண்ணில் பட்டிருக்கும் என்பது அதைவிட முக்கியம். இடம் என்பது பொருளை வைப்பதற்கு மட்டுமல்ல. பொருள் போய்விட்டால் கூப்பாடு போடுவதற்கும்தான்.

மறுநாள் காலை காவல்காரருக்கு நன்றி சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. இறவாரத்தில் அரிவாள், மாடத்தில் தீப்பெட்டி, அதன் பக்கத்தில் சிம்னி விளக்கு, கதவுக்குப் பின்னால் ஆணியில் கம்பளி. இருட்டில் எப்படி இவ்வளவு சுலபமாகப் போய் வந்தீர்கள் என்று கேட்டதற்கு, "இங்கே கரண்டு போனா ரெண்டு நாளைக்கு வராதுங்க. அப்போ போய்த் தேடிக்கிட்டிருக்க முடியுங்களா?" என்றார். பிறகு, "எல்லாம் அவ வெக்கிறதுதான்" என்று உள்ளே அடுப்படியைக் காட்டினார்.

இந்தக் கடைசி வார்த்தையில்தான் நம்முடைய வண்டவாளம் இருக்கிறது. சொன்னால் நண்பர்களுக்குக் கோபம் வரும், வரட்டும். ஒழுங்கிலிருந்து விடுதலை வேண்டும் என்று பேசுகிற ஆண்பிள்ளைகள் யாராவது ஒரு நாளாவது அந்த ஒழுங்கைச் செய்தவர்களா? வீட்டில் நகவெட்டி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கேட்டால் கிடைக்கும் என்பதுதான் தெரியும். அந்தப் பிரயாணத்துக்கும் என் பையை என் மனைவிதான் கட்டிக் கொடுத்தாள். மருந்து மேலே, மாற்றுச் சட்டை நடுவே, டார்ச் இடது பக்கப் பையில் என்று சொல்லியும் அனுப்பினாள். நான் 'ம்' என்றேன். அவள் ஒரு மணி நேரம் செய்த வேலையைத் தார்ப்பாயில் கவிழ்க்க எனக்கு ஒரு விநாடி ஆயிற்று. சுதந்திரம் என்று நாங்கள் பெயர் வைத்தது இதற்குத்தான். பிறர் உழைப்பால் ஒழுங்காக இருப்பவனுக்குத்தான் ஒழுங்கு அலுக்கிறது. வக்கீல் நண்பர் காட்டில் கலைத்ததை யாரோ அடுக்கித்தான் ஆகவேண்டும். அங்கே மனைவி இல்லாததால், பாத்திரம் துலக்க வந்த ஆளும் காவல்காரரும் அடுக்கினார்கள். நாங்கள் போன பிறகு அந்த இடத்திலிருந்து பிளாஸ்டிக்கைப் பொறுக்கியவர்கள் யார் என்று நாங்கள் கேட்கவே இல்லை.

இது ஏதோ வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்த வித்தை என்று நினைக்க வேண்டாம். எருமேலியிலிருந்து கரிமலை ஏறிச் சபரிமலைக்குப் போகிறவர்களின் தலையைப் பாருங்கள். இருமுடி. முன்முடியில் நெய்த் தேங்காயும் சுவாமிக்கு வேண்டிய பொருள்களும். பின்முடியில் வழிக்கு வேண்டிய தன்னுடைய அரிசியும் பருப்பும். பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டு மூட்டையை மட்டும் பாருங்கள்: தொடக்கூடாதது ஒரு பக்கம், தொட்டு எடுக்கவேண்டியது ஒரு பக்கம். காட்டு வழியில் எந்தப் பாமரனும் குழம்ப முடியாதபடி அது தலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியை எவனும் அடிமைத்தனம் என்று சொன்னதில்லை. கடுகு வெடிக்கிற நேரத்தில் கை வெந்தயத்துக்குப் போய்விடக்கூடாது, அதற்காகத்தான் அறை.

இந்த இடத்தில் இன்னொரு கட்சிக்காரர்கள் எனக்கு ஆதரவாகப் பேச வருவார்கள். அவர்களுடைய ஆதரவு எனக்கு வேண்டாம். மடக்குகிற அலமாரி, தொங்கவிடுகிற வலைத் தட்டு, பன்னிரண்டு ஜிப் வைத்த பை என்று ஒழுங்கைக் கடையில் வாங்கிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் அவர்கள். பன்னிரண்டு ஜிப் என்பது பன்னிரண்டு சின்னக் குவியல், வேறொன்றுமில்லை. 1955-ல் அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்ற 67 வயது அம்மாள், 2,000 மைலுக்கு மேல் நீளமுள்ள அப்பலாச்சியன் மலைப்பாதையைத் தனியாக நடந்து முடித்தார். 11 பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். கூடாரம் கிடையாது. முரட்டுத் துணியில் தாமே தைத்து, தோளில் போட்டுக்கொண்ட ஒரு பை. மழைக்குக் குளியலறையில் தொங்கவிடுகிற ஒரு பிளாஸ்டிக் திரை. அந்தப் பையில் எது எங்கே இருந்தது என்று அவரை இருட்டில் எழுப்பிக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் இப்போது செய்வதற்குச் செலவு கிடையாது. கல்யாண வீட்டு மஞ்சள் பைகள்தான். மருந்துப் பைக்கு மூன்று முடிச்சு. அது எப்போதும் படுக்கிறவன் தலைமாட்டில், மரத்தில் தொங்கும். விளக்குப் பைக்கு ஒரு முடிச்சு. கண்ணுக்கு அல்ல, விரலுக்குத் தெரியவேண்டும் என்பதுதான் சூத்திரம். உப்பு, வெல்லம், பழம் எதுவும் கூடாரத்துக்குள் கிடையாது. எல்லாம் வண்டிக்குள் பூட்டி இருக்கும். நம் ஊர்க் குரங்குக்கு ஜிப் திறக்கத் தெரியும். கரடிக்குத் திறக்கத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை, கிழித்தால் போதும். அமெரிக்காவில் யோசெமிட்டிக் காட்டில் கூடாரம் அடிக்கிற இடங்களில் இரும்புப் பெட்டியே வைத்திருக்கிறார்கள். தின்பண்டத்தை அதில் வைக்காதவனுக்கு அபராதம் உண்டு. அங்கே ஒழுங்கீனம் கவிதை அல்ல, குற்றம். கூடாரக் கயிற்றில் வெள்ளைத் துணி கட்டுகிறேன், இரவில் எழுந்து போகிறவன் தடுக்கி விழாமல் இருக்க. ஜோடுகளைக் குச்சியில் கவிழ்த்து வைக்கிறேன், தேள் குடிபுகாமல் இருக்க. அடுப்பைச் சுற்றிச் சருகைப் பெருக்கி, தண்ணீர்க் குடத்தை அதன் பக்கத்திலேயே வைத்து, வெளியே போகிற வழியில் ஒரு பை கூடக் கிடக்காமல் பார்த்துக்கொள்கிறேன். 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணி மலையில் மூண்ட காட்டுத் தீ, மலையேறப் போனவர்களில் 20 பேருக்கு மேல் உயிரைக் கொண்டுபோயிற்று. அந்தத் துயரத்தை வைத்து வாதம் செய்ய நான் விரும்பவில்லை. ஆனால் காய்ந்த புல்லில் தீ ஓடுகிற வேகத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட எவனும், கூடார வாசலில் மூட்டையைப் போட்டு வைக்க மாட்டான்.

இவ்வளவும் செய்ய, வெளிச்சம் இருக்கும்போதே செய்தால், இருபது நிமிஷம் ஆகிறது. பிறகு நானும்தான் காலை நீட்டிப் படுக்கிறேன். வானத்தைப் பார்க்கிறேன், மரநாய் பழம் தின்கிற சத்தத்தைக் கேட்கிறேன். எதையும் தேட வேண்டியதில்லை.

வருகிற மாதம் மறுபடியும் தாண்டிக்குடிக்குப் போகிறோம். பாங்க் நண்பர் வருகிறார். குழாய் ஒன்றுக்கு இரண்டாக வாங்கியிருக்கிறார். வக்கீல் நண்பரும் வருவதாகச் சொன்னார். வரலாம், ஆனால் அவர் பையை அவரே கட்டி எடுத்து வர வேண்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.