வெயில் ஆகாத உடம்புக்கும் விதியில் இடம் வேண்டும்

என் மகளுக்கு லூபஸ். வெயில் பட்டால் கன்னம் சிவந்து தடிக்கும். அடுத்த நாளே மூட்டு வீங்கிக் காய்ச்சலில் படுத்துவிடுவாள். பூந்தமல்லியில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள். ஆவடியிலிருந்து காரில் கொண்டுபோய் விடுவது நான்தான். காலையில் தெற்கே போகும்போது இடப்பக்கம் வெயில். மாலையில் வடக்கே திரும்பும்போதும் அதே இடப்பக்கம்தான். அதனால் எப்போதும் என் இருக்கைக்குப் பின்னால்தான் உட்காருவாள். பருத்திப்பட்டு நெரிசலில் வண்டி நின்றுவிட்டால் அந்த இருக்கைக்கும் வெயில் சாய்ந்து வரும்.

காரின் முன்கண்ணாடியில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. அது புற ஊதாக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடும். பக்கக் கண்ணாடியில் பெரும்பாலும் அந்தப் படலம் கிடையாது, புற ஊதாக் கதிரில் யு.வி.ஏ. என்ற வகை தாராளமாக உள்ளே வரும். அதற்காகவே சன் ஃபிலிம் ஒட்டினோம். கறுப்பு ஃபிலிம் இல்லை, உள்ளே இருப்பவர் முகம் பளிச்சென்று தெரியும். வழியில் நிறுத்திய காவலர், "எந்த ஃபிலிமும் கூடாது சார்" என்றார். டாக்டர் கொடுத்த சீட்டைக் காட்டியும் பயனில்லை. அபராதம் கட்டி, அங்கேயே உரித்தோம்.

தடை வந்த காரணத்தை நான் மதிக்கிறேன். கறுப்புக் கண்ணாடிக்குள் நடந்த குற்றங்களைப் பார்த்துத்தான் உச்ச நீதிமன்றம் அவிஷேக் கோயங்கா வழக்கில் 2012 ஏப்ரல் 27 அன்று எல்லா ஃபிலிமையும் தடை செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லியில் கறுப்புக் கண்ணாடியோடு ஓடிய பேருந்துக்குள் நடந்த கூட்டு வன்கொடுமையை, பெண்ணைப் பெற்ற யாரும் மறக்க முடியாது.

ஆனால் விதி அங்கேயே நிற்கவில்லை. மத்திய மோட்டார் வாகன விதி 100 திருத்தப்பட்டு 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் ஒளியை விட்டால், தரநிலைக்கு உட்பட்ட ஃபிலிம் ஒட்டலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் சொல்லிவிட்டது. புற ஊதாக் கதிரைத் தடுக்க இருட்டு தேவையே இல்லை. ஆகவே தமிழக அரசு செய்ய வேண்டியது சிறிய வேலை: ஒரு தெளிவான சுற்றறிக்கை, சாலையில் நிற்பவர் கையில் ஒளி அளக்கும் கருவி. கண்ணால் பார்த்து அபராதம் போடுவது நியாயமில்லை.

என் மகளுக்கு இந்த அளவு ஃபிலிம் போதும். சிலருக்குப் போதாது. போர்ஃபைரியா நோயில் சில வகைகளுக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே தோலைச் சுடும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மருத்துவச் சான்று இருந்தால் விலக்கு உண்டு. நம் விதியில் நோயாளிக்கு ஒரு வரிகூட இல்லை. இசட், இசட் பிளஸ் பாதுகாப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் குழு அமைத்து விலக்குத் தர 2012 தீர்ப்பே வழி வைத்தது. தலைவர்களுக்குக் குழு கூடுமென்றால் நோயாளிக்கும் கூடட்டும். அரசு மருத்துவக் குழு சான்று தரட்டும்; ஆர்.டி.ஓ. அதை ஆர்.சி. புக்கில் பதியட்டும், பின்னிருக்கைப் பக்கக் கண்ணாடிகளுக்கு மட்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்கும்படி இருக்கட்டும். விதியைத் திருத்தும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது. அதைக் கேட்டு முதல் கடிதம் சென்னையிலிருந்து போக வேண்டும்.