விதி இல்லை சார், வயரிங்!

"மின்சாரம் தாக்கி பலி."

வாரத்துக்கு ஒரு தடவையாவது பேப்பர்ல இந்தத் தலைப்பைப் பார்த்துடுறோம். என்னமோ மின்சாரம் கம்பத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்து, பாய்ஞ்சு வந்து தாக்கின மாதிரி! படிக்கிறோம், "பாவம், விதி முடிஞ்சுடுச்சு"ன்னு சொல்றோம், பக்கத்தைத் திருப்பிடுறோம். எனக்கு இந்த 'விதி'ங்கிற வார்த்தை மேலதான் கோபம். இந்தப் பதிவே அதுக்குத்தான்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட கணக்குப்படி 2021-ல மட்டும் இந்தியாவுல மின்சாரத்தால செத்தவங்க 12,000 பேருக்கும் மேல. அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி விதி எழுதப்பட்டிருக்குமா என்ன?

நம்ம ஊரு உதாரணமே இருக்கு. 2022 ஏப்ரல் 27, விடியக்காலை. தஞ்சாவூர் பக்கத்துல களிமேடு. அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியில உரசி 11 பேர் போய்ட்டாங்க. அதுல சின்னப் பசங்களும் உண்டு. முதல்வர் வந்தார், நிவாரணம் கொடுத்தாங்க, விசாரணைக்கு அதிகாரியைப் போட்டாங்க. ஊரே அழுதுச்சு. அப்புறம்? "தேர் இழுக்கும்போது கரண்டை நிறுத்தணும்"னு ஒரு பாடம் படிச்சோம். சரியான பாடம்தான். ஆனா அதோட கதையை முடிச்சுட்டோம். தேர் வருஷத்துக்கு ஒரு நாள் ஓடுது. கொல்லைப்புற மோட்டார் தினமும் ஓடுதே, அதை யார் பார்க்குறது?

கம்பத்துலேருந்து மீட்டர் வரைக்கும் மின்வாரியம் பொறுப்பு. வயல்ல கம்பி தொங்குனா, கம்பம் சாய்ஞ்சா அவங்களைக் கேட்கலாம், கேட்கணும். மின்னகம்னு 2021-ல ஆரம்பிச்ச நம்பர் இருக்கு, 94987 94987. கூப்பிடுங்க, விடாதீங்க. ஆனா மீட்டரைத் தாண்டி உள்ள வந்தா முழுக்க முழுக்க நம்ம பொறுப்பு. அங்கதான் நாம கோட்டை விடுறோம்.

நான் காமர்ஸ் படிக்கிற ஆளு. எனக்குத் தெரிஞ்ச பாஷையில சொல்றேன். நம்ம பக்கம் புது வீடு கட்டுறவங்க கணக்கைப் பாருங்க. வாசல்ல கிரானைட், ஹால்ல பால் சீலிங், கதவுல கஜலட்சுமி செதுக்க தனி ஆசாரி. எல்லாத்துக்கும் காசு இருக்கு. வயரிங் கட்டம் வந்ததும் வீட்டுக்காரர் முதல் தடவையா சிக்கனத்தைப் பத்தி யோசிக்க ஆரம்பிப்பார். "எர்த் ஒயர் எல்லா பாயிண்டுக்கும் எதுக்குப்பா? ஃபிரிட்ஜுக்கு மட்டும் இழுத்து விடு." வயர்மேனும் தலையாட்டுவார். சுவத்துக்குள்ள போயிட்டா யாருக்குத் தெரியப் போகுது!

அக்கவுண்டன்சியில முன்னெச்சரிக்கைக் கொள்கைன்னு ஒண்ணு உண்டு. வரப்போற லாபத்தைக் கணக்குல எடுக்காதே, வரக்கூடிய நட்டத்துக்கு இப்பவே ஒதுக்கி வை. பெட்டிக்கடைக்காரர் கூட வாராக்கடனுக்கு மனசுல ஒரு கணக்கு வச்சிருப்பார். வீடு கட்டுறவர் வைக்கிறதில்லை. தேய்மானமும் அப்படித்தான். பைக்குக்குத் தேய்மானம் உண்டு, மிக்ஸிக்கு உண்டு. சுவத்துக்குள்ள இருக்கிற இருபத்தஞ்சு வருஷ ஒயருக்கு மட்டும் கிடையாதாம்!

இனி நான் அடிக்கடி கேட்கிற சமாதானங்களை ஒவ்வொண்ணா எடுத்துக்கிறேன்.

1. "டிரிப்பர் போட்டிருக்கே, போதாதா?"

போதாது. இதுதான் பெரிய மூடநம்பிக்கை. எம்சிபி, அதாவது நாம டிரிப்பர்னு சொல்றது, ஒயரைக் காப்பாத்த வந்தது, உங்களை இல்லை. லோடு அதிகமானாலோ ஷார்ட் ஆனாலோ விழும். மனுஷன் வழியா 30 மில்லி ஆம்பியர் போனாலே தசை இறுகி, பிடிச்ச பிடியை விட முடியாது. மூச்சு திணறும். இன்னும் கொஞ்சம் கூடினா இதயத் துடிப்பே தாறுமாறாகும். அந்த 30 மில்லி ஆம்பியர்ங்கிறது பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு எடுக்கிறதுல சுமார் ஒன்பதுல ஒரு பங்கு. டிரிப்பருக்கு அது கொசுக்கடி கூட இல்லை.

அதைக் கவனிக்கிறதுக்குன்னே உள்ளது ஆர்சிசிபி. ஃபேஸ்ல போன கரண்ட் அப்படியே நியூட்ரல்ல திரும்புதான்னு பார்க்கும். பத்து, வரவு சரியா இருக்கணும், அவ்வளவுதான் அதோட வேலை! 30 மில்லி ஆம்பியர் குறைஞ்சா, எங்கேயோ கசியுதுன்னு கண் இமைக்கிற நேரத்துல கட் பண்ணிடும். அமெரிக்காவுல 1975-லேயே பாத்ரூம் பாயிண்டுகளுக்கு இந்த மாதிரி பாதுகாப்பைக் கட்டாயமாக்கிட்டாங்க. நம்ம மின்வாரியமும் 2023-ல வீடு, கடை எல்லாத்துக்கும் இது வேணும்னு அறிவிச்சுது. உங்க தெருவுல எத்தனை வீட்டுல இருக்குன்னு எண்ணிப் பாருங்க. ஒரு கை விரலே மிச்சமாகும்.

2. "எர்த் இருக்கு, அது பார்த்துக்கும்."

எர்த் அவசியம்தான். மோட்டார் உடம்புல ஃபேஸ் பட்டா, கரண்ட் உங்களைத் தேடாம மண்ணுக்குப் போக அதுதான் வழி. ஆனா அது தனியாப் போதாது. எர்த் குழியோட தடை 10 ஓம்னு வச்சுக்குங்க. 230-ஐ 10-ஆல வகுத்தா 23 ஆம்பியர். மெயின்ல இருக்கிற 32 ஆம்பியர் டிரிப்பர் இதுக்கு அசையவே அசையாது. மோட்டார் உடம்பு முழுக்க கரண்டோட அப்படியே நிக்கும்.

இன்னொண்ணு. நம்ம டெல்டா களிமண் ஈரமா இருக்கிற வரைக்கும் எர்த்துக்கு அருமையான மண். ஆனா மேட்டூர் திறக்கிறதுக்கு முன்னாடி, சித்திரை வைகாசியில, வயல் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்குமே, அப்ப எர்த் குழி மட்டும் ஈரமாவா இருக்கும்? துளசி மாடத்துக்குத் தினமும் ஊத்துற கையால எர்த் குழிக்கும் நாலு நாளைக்கு ஒரு குடம் ஊத்தலாம். தப்பில்லை.

3. "அது மழை பேஞ்சா விழுந்துக்கிட்டே இருக்குப்பா, அதான் கழட்டிட்டோம்."

இதைக் கேட்கும்போதுதான் எனக்கு ரத்தம் கொதிக்கும். மழைக்கு விழுதுன்னா எங்கேயோ ஈரத்துல கசியுதுன்னு அர்த்தம். அதைத் தேடிச் சரி பண்றதை விட்டுட்டு ஆர்சிசிபியைக் கழட்டி நேரடியா முடுக்கி விடுறது, கணக்குல ஓட்டை இருக்குன்னு சொன்ன ஆடிட்டரையே வேலையை விட்டுத் தூக்குற மாதிரி. அப்படிப்பட்ட கம்பெனி என்ன ஆகும்னு நமக்குத் தெரியும்.

4. "எங்க தாத்தா காலத்துலேருந்து இப்படித்தான்."

தாத்தா காலத்து ஓட்டு வீட்டுல கட்டை அடிச்ச வயரிங். ரெண்டு பல்பு, ஒரு ஃபேன், ஒரு ரேடியோ. இன்னிக்கு அதே வீட்டுல கிரைண்டர், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஹீட்டர், போர் மோட்டார். எல்லாம் இரும்பு உடம்பு, பாதி ஈரத்துல நிக்கிறது. மூணு பின்ல நீளமா தடியா இருக்கிற எர்த் பின்னை ஒடிச்சுட்டு ரெண்டு ஓட்டையில சொருகுறோம். பிளக்கே இல்லைன்னா தீக்குச்சி வச்சு ஒயரை இறுக்குறோம். கேட்டா "சமாளிப்பு"ன்னு பெருமை வேற!

5. "செலவு."

தரமான ஆர்சிசிபி ரெண்டாயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்குது. கிரகப்பிரவேசத்துக்கு அடிக்கிற ஃபிளக்ஸைக் கொஞ்சம் சின்னதாக்கினா போதும். மேற்கொண்டு பேச ஒண்ணுமில்லை.

வீட்டை விட்டுக் கொஞ்சம் வெளியே வாங்க. 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்ப ஒரு லட்சத்துக்கும் மேல கம்பங்கள் விழுந்துச்சு. வேற மாவட்டத்து ஊழியர்கள் சேத்துல இறங்கிக் கம்பம் தூக்கினாங்க. அந்த மாதிரி நேரத்துல வாடகை ஜெனரேட்டரைக் கொண்டாந்து, மெயினை இறக்காம, சேஞ்ச் ஓவர் சுவிட்சும் இல்லாம, ஏதோ ஒரு பாயிண்டுல சொருகினா என்ன ஆகும்? கரண்ட் மீட்டர் வழியா வெளியே போய்க் கம்பியில ஏறும். கம்பத்து மேல இருக்கிறவர் "லைன்ல சப்ளை இல்லை"ன்னு நம்பிக் கை வச்சிருப்பார். அது யாரோட விதி?

வயலுக்கு எலி வருது, பன்னி வருதுன்னு ராத்திரியில கம்பியில கரண்ட் விடுறவங்களும் அப்படித்தான். தண்ணி பாய்ச்ச வந்த பக்கத்து வயல்காரர் பேரு கம்பிக்குத் தெரியாது. மூங்கிலை வளைச்சு எலிக்கு 'தஞ்சாவூர் கிட்டி' வச்ச ஊருய்யா இது! அதை விட்டுட்டு மனுஷனையும் சேர்த்துப் பிடிக்கிற பொறியா வைக்கிறது?

சரி, திட்டினது போதும். இந்த ஞாயிற்றுக்கிழமை செய்ய நாலு வேலை:

- மெயின் பாக்ஸ்ல 'டி'ன்னு எழுதின பட்டன் இருக்கான்னு பாருங்க. அழுத்தினா கரண்ட் போகணும். போகலைன்னா அது ஆர்சிசிபி இல்லை, பொம்மை. பட்டனே இல்லைன்னா, உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு போடச் சொல்லுங்க.
- துணி காயப்போடுற இரும்புக் கம்பி சர்வீஸ் ஒயர் பக்கத்துலயோ, ஒயர் போற பைப்புலயோ கட்டியிருந்தா இன்னிக்கே அறுத்துட்டு நைலான் கயிறு கட்டுங்க.
- இன்வர்ட்டர் இருக்கிற வீட்டுல மெயினை இறக்கினாலும் இன்வர்ட்டர் லைன்ல கரண்ட் இருக்கும். அம்மா, அப்பா, தம்பி, தங்கச்சி எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க.
- யாருக்காவது ஷாக் அடிச்சா ஓடிப்போய்க் கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. முதல்ல மெயின். முடியலைன்னா காஞ்ச கட்டையால ஒயரைத் தள்ளுங்க. அப்புறம் 108. (இதெல்லாம் வீட்டு ஒயருக்குத்தான். கம்பத்துக் கம்பி அறுந்து விழுந்தா கிட்டவே போகாதீங்க.)

இதைப் படிச்சுட்டு "பி.காம் படிக்கிற உனக்கு எதுக்குடா எலக்ட்ரிக்கல்?"னு கேட்கத் தோணும். தாராளமா கேளுங்க, திட்டுங்க. ஆனா அதுக்கு முன்னாடி எந்திரிச்சுப் போய் அந்த டெஸ்ட் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பார்த்துட்டு வந்து திட்டுங்க :-)