பேறுகால விடுப்பு மாணவிக்கும் உரியது
தாயாகும் மாணவிகளின் கல்வி குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

பிள்ளை பெற்றதாலேயே ஒரு பெண்ணின் கல்லூரிப் படிப்பு நின்றுபோகக் கூடாது. பேறுகால விடுப்பு, அந்த நாள்களுக்கு வருகைப்பதிவில் விலக்கு, திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரும் உரிமை ஆகிய மூன்றும் இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கு எழுத்தில் உள்ள விதியாக வேண்டும். கல்லூரி ஆசிரியர்களும் மாணவிகளும் பெற்றோரும் சேர்ந்த எங்கள் சங்கத்தின் உறுதியான நிலைப்பாடு இது.

ஓர் அரசுக் கல்லூரியில் மூன்று பெண்கள் ஒரே மாதத்தில் பிள்ளை பெறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பேராசிரியை தமிழக அரசு ஊழியர். 2021 ஜூலை முதல் அவருக்கு ஓராண்டு விடுப்பு, சம்பளத்தோடு. முனைவர் பட்ட ஆய்வாளருக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி 240 நாள் வரை விடுப்பு. பி.ஏ. இரண்டாமாண்டு மாணவிக்கு நாடு முழுவதற்குமான கட்டாய விதி எதுவும் இல்லை. மாணவிகளுக்கு விடுப்பும் வருகைப்பதிவுத் தளர்வும் தர விதி வகுக்கும்படி மானியக் குழு 2021 டிசம்பரில் துணைவேந்தர்களுக்குக் கடிதம் எழுதியது. ஆனால் எத்தனை நாள், எந்த வகுப்புக்கு என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகத்திடமே விட்டுவிட்டது. பிரசவ வலியும் தையலும் மூவருக்கும் ஒன்றுதான்.

விதி இல்லாததன் விலை என்ன? ஒரு செமஸ்டருக்கு 90 வேலைநாள் என்று கொண்டால், தேர்வெழுதத் தேவையான 75 விழுக்காடு வருகைக்கு 68 நாள் வர வேண்டும். மிஞ்சுவது 22 நாள். பிரசவத்துக்குப் பின் உடம்பு தேற ஆறு வாரம் ஆகும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. வாரத்துக்கு ஐந்து நாள் கல்லூரி என்றாலும் அதிலேயே 30 வேலைநாள் போய்விடும். மாதாமாதம் பரிசோதனைக்குப் போன நாள்களும் குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட நாள்களும் தனி. ஒழுங்காகப் படிக்கும் பெண்ணும் இந்தக் கணக்கில் ஹால் டிக்கெட்டை இழக்கிறாள்.

எங்கள் ஆசிரிய உறுப்பினர்கள் வகுப்பறையில் தினமும் பார்ப்பதையும் சொல்ல வேண்டும். பதினோரு மணி வகுப்பில் கடைசி பெஞ்சில் இருக்கும் பெண் துப்பட்டாவை இழுத்து இழுத்து மூடிக்கொள்கிறாள். பால் கட்டி, சுடிதார் நனைந்துவிட்டது. இடைவேளையில் கழிப்பறைக்குப் போய், வாஷ்பேசினில் பாலைப் பீய்ச்சி ஊற்றிவிட்டு வருகிறாள். அதே நேரத்தில் வீட்டில் குழந்தைக்குப் பவுடர் பால் கலக்கிக்கொண்டிருக்கிறார்கள். பூட்டிக்கொள்ள ஒரு சிறிய அறையும் ஒரு நாற்காலியும் இருந்தால் போதும், இது மாறும்.

ஜவ்வாது மலையின் பழங்குடிப் பெண் ஸ்ரீபதி, பிள்ளை பெற்ற சில நாள்களிலேயே சென்னைக்கு வந்து சிவில் நீதிபதித் தேர்வை எழுதி வென்றதை 2024 பிப்ரவரியில் தமிழ்நாடே கொண்டாடியது. நாங்களும் பெருமைப்பட்டோம். ஆனால் பச்சை உடம்போடு பயணம் செய்யும் துணிவை எல்லாப் பெண்களிடமும் எதிர்பார்ப்பது நியாயம் ஆகாது. அவருக்குக் குடும்பம் துணை நின்றது. அந்தத் துணை இல்லாத பெண்ணுக்கு விதிதான் துணை.

விடுப்புக் கொடுத்தால் இளவயதுத் திருமணம் பெருகும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். 18 வயதுக்கு முன் நடக்கும் திருமணத்தை நாங்கள் முழுமையாக எதிர்க்கிறோம். ஆனால் மணமாகித் தாயான பெண்ணைக் கல்லூரியிலிருந்து வெளியேற்றினால் எந்தத் திருமணமும் நின்றுவிடாது, அவள் படிப்புதான் நிற்கும். 1989-இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவி கொடுத்த அரசு, 2022-இல் அதையே மாதம் 1,000 ரூபாய் கல்வி உதவியாக்கிப் புதுமைப்பெண் திட்டத்தைத் தொடங்கியது. பெண்ணுக்குப் படிப்பே முதல் சீர் என்று அரசு ஏற்றுக்கொண்ட பிறகு, அது பாதியில் அறுந்துபோகாமல் காப்பதும் அரசின் கடமை.

இது நடக்காத காரியமும் அல்ல. கேரளத்தின் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் 2022 டிசம்பரில் இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கு 60 நாள் பேறுகால விடுப்பு அறிவித்தது. படிப்பா, பிள்ளைப்பேறா என்று ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்லக் கூடாது என்று எம்.எட். மாணவி ஒருவரின் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் கூறியது.

எங்கள் கோரிக்கைகள்:

1. தமிழகப் பல்கலைக்கழகங்கள் அனைத்தும் குறைந்தது 60 வேலைநாள் பேறுகால விடுப்பை விதியாக்க வேண்டும். அந்த நாள்களை வருகைப்பதிவுக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். இதற்கு, வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ள வாங்கும் கன்டோனேஷன் கட்டணம் வாங்கக் கூடாது.

2. தவறிய தேர்வையும் இன்டர்னல் மதிப்பெண்ணையும் அரியர் என்று பதியாமல் மறுவாய்ப்புத் தர வேண்டும்.

3. ஒவ்வொரு கல்லூரியிலும் பாலூட்டும் அறை வேண்டும். மாணவிகள் மிகுந்த கல்லூரிகளில் குழந்தைகள் காப்பகமும் வேண்டும்.

4. விடுப்பில் இருக்கும் மாணவிக்கு உதவித்தொகையும் விடுதி இடமும் தொடரும் என்று எழுத்தில் உறுதி தர வேண்டும்.

படிப்பை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கும் தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. அவசரப்பட்டு டி.சி. வாங்கிவிடாதீர்கள். மானியக் குழுவின் 2021 டிசம்பர் கடிதத்தைக் குறிப்பிட்டு, மருத்துவச் சான்றோடு கல்லூரி முதல்வருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி வையுங்கள். நாங்கள் உங்களோடு வருகிறோம்.