விடியற்காலைக் கனவு பலிக்காது

விடியற்காலையில் கண்ட கனவு பலிக்கும் என்பதை நம் வீடுகளில் யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை. பல் விழுந்தால் சாவு, கல்யாணம் கண்டால் துக்கம், பாம்பு கடித்து ரத்தம் வந்தால் பீடை விலகியது. பஞ்சாங்கத்தில் இதற்கென்றே ஒரு பக்கம் உண்டு. முதல் சாமத்துக் கனவு பலிக்க ஓராண்டு ஆகும். சாமம் ஏற ஏறக் கெடு குறையும். விடியல் கனவுக்குச் சில நாள்தான். எம்.ஏ. படித்தவரும் கெட்ட கனவு கண்ட மறுநாள் அந்தப் பக்கத்தைப் புரட்டத்தான் செய்கிறார்.

நம்பிவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களோடுதான் எனக்குச் சண்டை. எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, பல் உதிர்வதாகக் கனவு வந்தால் அன்றைக்கு மகனை வண்டி எடுக்க விடமாட்டார். ஐந்து மணிக்கே ஊரிலிருக்கும் அண்ணனுக்குப் போன் போகும். "எல்லாரும் நல்லா இருக்கீங்களாண்ணே?" என்பதோடு நிறுத்திக்கொள்வார். கனவைச் சொல்லமாட்டார், சொன்னால் பலித்துவிடுமாம். பகலெல்லாம் அந்தப் பயத்தைச் சுமந்து, இரவு அதோடுதான் படுக்கிறார். அந்தக் கனவு மறுபடி வருகிறது. மறுபடி வந்ததே அவருக்கு அத்தாட்சி ஆகிவிடுகிறது.

விடியலுக்கு அப்படி என்ன மகிமை? நாம் தூங்கும் தூக்கம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ரெம் உறக்கம் என்ற கட்டம் வரும். மூடிய இமைக்குள் கண் வேகமாக உருளும். தெளிவான, நீளமான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் எழும். முன்னிரவில் இந்தக் கட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும்; விடியலை நெருங்க நெருங்க அரை மணி, முக்கால் மணி என்று நீளும். அதன் நடுவில் கண் விழித்தால் கனவு நினைவில் நிற்கும். முன்னிரவுக் கனவுகள் பெரும்பாலும் மறந்து போய்விட, விடியல் கனவு மட்டும் மனசில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய நூறு கனவில் ஏதோ ஒன்று நடப்போடு ஒத்துப்போனால் அதையே ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்போம். மீதி தொண்ணூற்றொன்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பல் கனவுக்கு வருவோம். 2018இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் இருவர் இதையே தனியாக எடுத்து ஆராய்ந்தார்கள். இந்தக் கனவு அடிக்கடி வருகிறவர்களிடம், காலையில் எழும்போது பல்லிலும் ஈறிலும் தாடையிலும் ஒரு இறுக்கம், கூச்சம் அதிகமாகக் காணப்பட்டது. மனக்கவலையோடு இந்தக் கனவுக்குத் தொடர்பு தெரியவில்லை. பல்லைப் பற்றிய கனவுக்குப் பல்லிலேயே காரணம் இருக்கலாம் என்றால், பல் டாக்டரிடம் போக வேண்டியவரை நாம் பரிகாரத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி கண்ட கனவு பலித்ததே என்பார்கள். பலிக்காமல் என்ன செய்யும்? மதுரை எரியப் போவது தெரிந்த புலவர் எழுதிய கனவு அது. கதை முடிவைக் கையில் வைத்திருப்பவர் அதற்கேற்ற கனவை முன்னால் வைக்கிறார். அது காப்பியத்தின் அழகு. அந்த இடத்திலும் தோழி தேவந்தி, பொய்கையில் மூழ்கிக் காமவேளைத் தொழுது வரலாம் என்று பரிகாரம் சொல்லும்போது, அது தனக்குப் பெருமையில்லை என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். அந்த மறுப்பை ஏனோ நாம் எடுத்துக்காட்டுவதே இல்லை.

எனக்கு முக்கியமான விஷயம் இனிதான். கனவு மேலிருந்து வரும் சேதி என்றால், காண்கிறவர் அதில் கை வைக்க முடியக் கூடாது. ஆனால் கை வைக்க முடிகிறது. இது கனவுதான் என்று கனவுக்குள்ளேயே தெரிந்துகொண்டு, அதைத் திருப்பிவிடக்கூட மனிதரால் முடியும். லூசிட் ட்ரீம், அதாவது தெளிகனவு என்று இதைச் சொல்கிறார்கள். 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹேர்ன் என்ற ஆய்வாளர், ஆலன் வொர்ஸ்லி என்பவரைத் தூங்கவைத்துப் பார்த்தார். ரெம் உறக்கத்தில் கைகால் அசையாது. கண் மட்டும் அசையும். முன்பே பேசிவைத்தபடி, கனவுக்குள் இருந்தபடியே வொர்ஸ்லி கண்ணை இடமும் வலமுமாக அசைத்துக் காட்டினார். கருவி அதைப் பதிவு செய்தது. 2021இல் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. எட்டில் ஆறு போனால் எத்தனை என்று தூங்குகிறவரிடமே கேட்டார்கள். அவர் கண்ணை இரண்டு முறை அசைத்துப் பதில் சொன்னார். நாளை சாவு வரப்போவதைச் சொல்ல வந்த கனவு, நடுவில் நிறுத்திக் கழித்தல் கணக்குப் போட இடம் கொடுக்குமா?

இதன் நிஜமான பயன் கெட்ட கனவால் அவதிப்படுகிறவர்களுக்குத்தான். 2006இல் நெதர்லாந்தில், ஓயாமல் கெட்ட கனவு காணும் 23 பேரை வைத்துச் சிறிய ஆய்வு ஒன்று நடந்தது. கனவுக்குள் விழித்துக்கொண்டு முடிவை மாற்றுவது எப்படி என்று அவர்களில் ஒரு பகுதியினருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களுக்குக் கெட்ட கனவு குறைந்தது. ஆச்சரியம் என்னவென்றால், கனவுக்குள் விழிப்பு வராதவர்களுக்கும் குறைந்தது. மாற்றலாம் என்று தெரிந்துகொண்டதிலேயே பாதி வேலை நடந்துவிட்டது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். மாற்றவே முடியாது, வந்தது வந்ததுதான் என்று நாம் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவருவது இதற்கு நேர் எதிர்.

கனவுக்குள் விழிக்கக்கூட வேண்டாம். பகலில் உட்கார்ந்து, வந்த கனவை எழுதி, முடிவை நமக்குப் பிடித்தபடி மாற்றி எழுதி, தினமும் சில நிமிடம் அதை மனசில் ஓட்டிப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் பாலியல் வன்முறைக்கு ஆளான 168 பெண்களிடம் இதைச் சோதித்த ஆய்வு 2001இல் வெளியானது. பயிற்சி எடுத்தவர்களின் கெட்ட கனவு கணிசமாகக் குறைந்தது, தூக்கமும் மேம்பட்டது. துரத்தும் நாய் வாலாட்டிக்கொண்டு திரும்பிப் போகிறது என்று எழுத ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

இதற்கு மேல் தெளிகனவைத் தூக்கிப் பிடிக்கவும் நான் வரவில்லை. தூங்கிக்கொண்டே பாடம் படிக்கலாம், பணம் பண்ணலாம் என்று விற்கிறவர்களை நம்ப வேண்டாம். தெளிகனவுக்குள் காசு எறிந்து பழகச் சொன்ன ஒரு ஜெர்மன் ஆய்வில், முயன்ற 20 பேரில் 7 பேருக்குத்தான் அந்தப் பயிற்சியே கைகூடியது. தெளிகனவுக்காக அலாரம் வைத்துத் தூக்கத்தை அடிக்கடி உடைத்தால், விழித்தும் உடம்பை அசைக்க முடியாத, நம் ஊரில் அமுக்குவான் என்று பயப்படும் அந்த நிலை வரவும் வாய்ப்பு கூடும். மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது.

ராத்திரியில் அலறி எழும் குழந்தைக்குத் திருநீறு பூசுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் "வெளியே சொல்லாதே" என்று வாயை அடைக்காதீர்கள். மறுநாள் மாலை பக்கத்தில் உட்காரவைத்து, என்ன வந்தது, அது எப்படி முடிந்திருக்கலாம் என்று கேளுங்கள், வரையச் சொல்லுங்கள். பஞ்சாங்கம் அச்சிடுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: அடுத்த ஆண்டுப் பதிப்பில் கனவுப் பலன் பக்கத்தை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் அரசு மனநல உதவி எண் 14416ஐப் பெரிய எழுத்தில் போடுங்கள்.